எட்டாவது கேள்வி

முனைவர் சோலைச்சாமி ஆய்வு மாணவர்களை அடித்ததே இல்லை. எறிவார், அவ்வளவுதான். டஸ்டர், ஸ்டீல் ஸ்கேல், பஞ்சிங் மெஷின், ஒருமுறை உள்ளே தேநீரோடு இருந்த ஃபிளாஸ்க். கை போய்க் கன்னத்தைத் தொட்டால்தான் அடி. நடுவில் காற்று இருந்தால் அது வழிகாட்டுதல் என்பது அவருடைய கொள்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் அவர் கணிதத் துறைத் தலைவர். இருபத்தாறு ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறார்.

அவருடைய ஆய்வு மாணவி மாரீஸ்வரியின் இடது புருவத்தில் நான்கு தையல் போட்ட தழும்பு இருந்தது. டஸ்டரின் மரப்பக்கம் பட்டது. வத்திராயிருப்பில் இருக்கும் வீட்டாரிடம் பஸ் கம்பி இடித்துவிட்டது என்று சொல்லிவைத்திருந்தாள். முப்பத்து நான்கு வயது, அதே கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். முனைவர் பட்டம் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் வேலையே இல்லை. பதிவு செய்து எட்டு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. எட்டு ஆண்டு முடியப் பன்னிரண்டு நாள் மிச்சமிருக்கும் ஒரு தேதிதான் அவளுடைய வாய்மொழித் தேர்வுக்குக் கிடைத்தது.

டஸ்டர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் கணக்கும் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம். சோலைச்சாமிக்குப் புரிந்த அளவுதான்.

ஹில்பெர்ட் வெளி என்பது எண்ணி முடியாத திசைகள் உள்ள ஒரு பெரிய வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆபரேட்டர் என்பவன் அந்த வீட்டில் இருப்பவர்களை இடம் மாற்றிப் போடும் வேலையாள். அதில் ஒரு வகை கன்ட்ராக்‌ஷன்: யாரையும் நீட்டமாட்டான், இருந்த நீளத்தில் விடுவான், இல்லாவிட்டால் குறைப்பான். ஆசிரியர் பணியிடங்களை அரசாங்கம் வைத்திருப்பது மாதிரி. இப்போது கேள்வி. அவன் எவ்வளவு புரட்டிப் போட்டாலும் உள்ளே இருப்பவர் வெளியே போய் விழாத ஓர் அறை அந்த வீட்டில் இருக்கிறதா? முழு வீட்டையும் காட்டக் கூடாது, வெறும் பூஜ்யத்தையும் காட்டக் கூடாது; நடுவில் உண்மையான அறை ஒன்று வேண்டும். மாறா உள்வெளி என்று அதற்குப் பெயர்; வகுப்பில் அறையை சப்ஸ்பேஸ் என்றும் வீட்டை ஸ்பேஸ் என்றும் சொல்வார்கள். எல்லா வேலையாளுக்கும் அப்படியோர் அறை உண்டா என்று உலகமெங்கும் பெரிய பெரிய மண்டைகள் பல பத்தாண்டுகளாக உடைந்துகொண்டிருக்கின்றன. சோலைச்சாமி ஒரு தீபாவளி விடுமுறையில் விடை கண்டுபிடித்துவிட்டார்.

மொத்தம் ஒன்பது பக்கம். எந்தக் கன்ட்ராக்‌ஷனையும், இதைவிடப் பெரிய வீடொன்றில் இருக்கும் ஒழுங்கான வேலையாள் ஒருவனின் நிழலாகப் பார்க்கலாம். அதற்கு டைலேஷன் என்று பெயர். இது உண்மை, நிறுவியவர்கள் வேறு ஆட்கள். பெரிய வீட்டு வேலையாள் தங்கமானவன், யாரையும் குறைக்கவும் மாட்டான் நீட்டவும் மாட்டான். அவனுக்கு அறைகள் ஏராளம். அதில் ஒன்றை எடு, நம் சின்ன வீட்டோடு வெட்டு, வெட்டிய இடம்தான் நமக்கு வேண்டிய அறை. இதுதான் லெம்மா 5.3 என்ற துணைத்தேற்றம். நிரூபணம் வர வேண்டிய இடத்தில் ‘தெளிவு’ என்று ஒரே சொல் இருந்தது.

நான்கு ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. ஐந்தாவது பதிலே போடவில்லை. ஆய்வேடு எதையும் திருப்பி அனுப்பாது என்று சோலைச்சாமி கண்டுபிடித்தார். அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு அது ஒன்றுதான். ஒன்பது பக்கத்தையும் மாரீஸ்வரியின் ஆய்வேட்டில் ஐந்தாம் அத்தியாயமாகச் சேர்க்கச் சொன்னார். சரியாக இருந்தால் வழிகாட்டியின் புகழ், தப்பாக இருந்தால் மாணவியின் ஆய்வேடு.

“சார், வெட்டுற இடம் வெறும் பூஜ்யமா இருந்தா?” என்று அவள் கேட்டாள்.

அப்போது வந்ததுதான் டஸ்டர்.

தையல் பிரித்த மறுநாள் ஐந்தாம் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்தாள். மூன்றாம் அத்தியாயம் அவளுடையது. எல்லா வேலையாளையும் பற்றிப் பேசாமல், ஒரே ஒரு திசையில் மட்டும் குறைக்கிறவன் என்றால் என்ன நடக்கும் என்று பதினேழு பக்கத்தில் ஓட்டையில்லாமல் செய்திருந்தாள். அதை யாரும் படிக்கவில்லை. ஐந்தையும் யாரும் படித்துவிடக் கூடாதே என்பதுதான் இப்போது அவளுடைய வேண்டுதல்.

அந்த வேண்டுதலுக்குத் துறையில் ஓர் ஏற்பாடும் இருந்தது. பொது வாய்மொழித் தேர்வு என்றால் யாரும் வரலாம், எதையும் கேட்கலாம். அதற்காகத்தான் ஏழு சீட்டு. ஏழு கேள்விகளையும் பதில்களையும் வழிகாட்டியே எழுதி, கேள்விகளை மட்டும் கத்தரித்து ஏழு பேர் கையில் கொடுத்துவிடுவார். அவர்கள் வரிசையாக எழுந்து கேட்பார்கள். பதில் வரும். ‘மிகவும் பயனுள்ள விவாதம்’ என்று குறிப்பேட்டில் ஏறும். எல்லோரும் சாப்பிடப் போவார்கள். வழக்கமாகச் சக ஆய்வு மாணவர்கள்தான் சீட்டு வாங்குவது. அந்த வாரம் அவர்கள் விடைத்தாள் திருத்த மதுரைக்குப் போயிருந்தார்கள்.

“ஒங்க வீட்டாளுக வாராங்கல்ல, அவங்க கையில குடு,” என்றார் சோலைச்சாமி. “வாசிக்கத் தெரிஞ்சாப் போதும். புரியணும்னு அவசியமில்ல.”

அவசியம் இருந்திருந்தால் அந்தத் துறையில் இதுவரை ஒரு தேர்வும் நடந்திருக்காது.

சீட்டுப் பொறுப்பை அவளுடைய அண்ணன் வீரணன் ஏற்றுக்கொண்டான். ராணுவத்தில் ஹவில்தார். தங்கச்சி டாக்டராவதைப் பார்க்கவென்றே லீவு போட்டு வந்திருந்தான். தேர்வு நாள் காலையில் வத்திராயிருப்பிலிருந்து பதினெட்டுப் பேரோடு வேன் கிளம்பியது. வீரணன் நடுவில் நின்றுகொண்டு சீட்டுகளைக் கொடுத்தான்.

“ஏலே வீரணா,” என்றாள் நாலாம் சீட்டு வாங்கிய அத்தை வெள்ளத்தாய். “இதுல என்னமோ மினிமல்னு போட்டிருக்கு. கெட்ட வார்த்தையாலே?”

“கெட்ட வார்த்தையுமில்ல ஒண்ணுமில்ல அத்தை. எழுத்துக் கூட்டி வாசிங்க. மூணாவது ஆள் உக்காந்த பொறவு எந்திரிக்கணும், கேக்கணும், உக்காரணும்.”

“அவ சொல்லுத பதில் சரியா தப்பான்னு நான் எப்பிடிக் கண்டேன்?”

“தலைய ஆட்டுங்க. போதும்.”

பிறகு அவன் ஜன்னலோரம் இருந்த மாரீஸ்வரியிடம் வந்தான். “ஏழு பேரு, ஏழு கேள்வி. சரியா பாப்பா?”

“சரிண்ணே.”

“எட்டாவதா ஒருத்தன் எந்திரிச்சா?”

“எந்திரிக்க மாட்டாங்க.”

“எந்திரிச்சா என்னன்னு கேக்கேன். ஆர்டர்ல அது இல்லையே.”

“எந்திரிக்கக் கூடாது,” என்றாள்.

வீரணன் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டான்.

கல்லூரி வாசலில் இருபதடி பேனர் கட்டியிருந்தது. ‘ஹில்பெர்ட் வெளியின் வேங்கையே, தீராக் கணக்கைத் தீர்த்த தென்னகமே’ என்ற வாசகத்துக்குக் கீழே சோலைச்சாமி கோட்டும் கண்ணாடியுமாக விரலை உயர்த்தி நின்றார். பட்டம் வாங்க வேண்டியவளின் படம் வலது மூலையில் ரேஷன் அட்டை அளவுக்கு இருந்தது. வெளித் தேர்வாளர் முனைவர் ஜெயசித்ரா சென்னையிலிருந்து வந்திருந்தார். ஆய்வேடு மிகச் சிறப்பாக இருப்பதாக மூன்று பக்க அறிக்கை முன்னமே அனுப்பியிருந்தார். ஆய்வேட்டின் தலைப்பை மட்டும் மாற்றி அவர் அனுப்பும் பதினோராவது அறிக்கை அது.

பத்தரை மணிக்கு யாரும் கூப்பிடாத ஒரு கல்லூரிப் பேருந்து வந்து நின்றது. ராஜபாளையத்திலிருந்து முனைவர் கௌதம்ராஜ், எட்டு ஆய்வு மாணவர்களோடு இறங்கினார். அவரும் சோலைச்சாமியும் ஒருகாலத்தில் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியவர்கள். அதில் யார் பெயர் முதலில் வருவது என்பதில் நட்பு முறிந்து, இருபது ஆண்டுகளாக ஒருவர் ஊரை ஒருவர் பஸ்ஸில் கடக்கும்போதுகூட மறுபக்கம் பார்த்து உட்காருகிறவர்கள். தேர்வுக்கு முன் ஒரு வாரம் ஆய்வேடு நூலகத்தில் பார்வைக்கு இருக்கும். அதைக் கௌதம்ராஜின் மாணவன் பிரேம்குமார் வந்து படித்துவிட்டுப் போயிருந்தான். ஓட்டை இருக்கிறது என்று சொன்னான். என்ன ஓட்டை என்று கௌதம்ராஜ் கேட்கவில்லை. கருங்கல் பீடம் வைத்த ஒரு கேடயத்துக்கு ஆர்டர் கொடுத்தார். பாராட்ட வந்த மாதிரி மேடைக்குப் பக்கத்தில் உட்கார அது வேண்டியிருந்தது.

மாரீஸ்வரி முக்கால் மணி நேரம் பேசினாள். ஐந்தாம் அத்தியாயத்துக்கு ஒரே ஒரு ஸ்லைடு வைத்து, அதையும் சீக்கிரம் தள்ளிவிட்டாள். கேள்வி நேரம். முதல் சீட்டு எழுந்தது, உட்கார்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. வெள்ளத்தாய் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுவதற்குள் பின்வரிசையில் பிரேம்குமார் எழுந்துவிட்டான்.

“மேடம், பக்கம் நூத்திப் பன்னெண்டு. லெம்மா அஞ்சு புள்ளி மூணு. பெரிய ஸ்பேஸ்ல எடுத்த சப்ஸ்பேஸ நம்ம ஸ்பேஸோட வெட்டினா வெறும் பூஜ்யம்தான் மிஞ்சுதுன்னு வச்சுக்குவோம். அப்ப உங்க தியரம் என்ன ஆகும்?”

மாரீஸ்வரி வாயைத் திறந்தாள். புருவத் தழும்பு அரித்தது.

வீரணன் நாற்காலி வரிசையைச் சுற்றிக்கொண்டு வரவில்லை, மேலேயே ஏறி வந்தான். “சீட்டு எங்கலே?”

“என்ன சீட்டு?”

“சீட்டு இல்லாமக் கேள்வி கேக்கியா?”

முதல் அடி பதினொன்றே முக்காலுக்கு விழுந்தது. பிரேம்குமாரின் கண்ணாடி இரண்டு வரிசை தாண்டிப் போனது. இரண்டாவது அடி மூடிய கையால். அதில் முன்பல் இரண்டும் போயின. ஒன்று தரையில் விழுந்தது. மற்றது எங்கே என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

“அண்ணே, விடு. அவர் கேட்டது சரியான கேள்வி,” என்று மாரீஸ்வரி மைக்கில் சொன்னாள்.

“சரியான கேள்வின்னா நீ சீட்டுக் குடுத்திருப்பியே,” என்றான் வீரணன், பிரேம்குமாரின் கழுத்தைக் கக்கத்தில் வைத்தபடி.

“ஏமிரா, என் ஸ்டூடண்ட் மேல கை வைக்கியா?” என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்திக்கொண்டு கௌதம்ராஜ் எழுந்தார். அவருடைய மிச்ச மாணவர்கள் ஏழு பேரும் பாய்ந்தார்கள். ஆராய்ச்சி செய்து செய்து அவர்களுக்கும் யாரையாவது அடிக்க வேண்டும் என்று பல நாளாக இருந்தது. வத்திராயிருப்பு வேனில் வந்த ஆண்கள் சாப்பாட்டு இலை போடுகிற இடத்தில் நின்றிருந்தார்கள்; சத்தம் கேட்டு, யாரை என்று கேட்காமல் உள்ளே வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி மண்டையில் பட்டால் உடையாது, வளையும்; நாலாவது முறை உடையும். அன்றைக்கு முப்பத்தொரு நாற்காலி உடைந்தது. ஒருவன் புரொஜெக்டரை வயரோடு பிடுங்கிச் சுழற்றினான். வயர் போன வழியில் இருந்த காதுகள் கிழிந்தன. குத்துவிளக்கு சரிந்து, சூடான எண்ணெய் வரவேற்புக் குழுவின் மடியில் கொட்டியது. கூட்டத்துக்கு நடுவில் வெள்ளத்தாய் எழுந்து நின்று, தன் முறை வந்துவிட்டதால், சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, “மி-னி-மல் டைலேஷன் ஒண்ணுதானா, இல்ல வேற வேறயா இருக்குமா?” என்று உரக்கக் கேட்டாள். பதில் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். உட்காரும்போது நாற்காலி இல்லை.

சோலைச்சாமி மைக்கைப் பிடித்தார். “அமைதி. அமைதி. இது கணித மன்றம். அறிவுலகம் நம்மை உற்று நோக்கிக்கொண்டிருக்கிறது.” பிறகு மைக்கை மூடியதாக நினைத்துக்கொண்டு, “ஏலே, அந்த ராஜபாளையத்துக்காரன் காலை ஒடிங்கடா,” என்றார். அரங்கம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

கௌதம்ராஜ் கேடயத்தோடு மேடை ஏறினார்.

“யோவ் சோலை. க முன்னாடியா, ச முன்னாடியா?”

“என்ன பேசுத?”

“நம்ம பேப்பர்ல. அகர வரிசைப்படி எவன் பேரு முன்னாடி வரணும்?”

“சீனியாரிட்டிப்படி வரணும்,” என்றார் சோலைச்சாமி. அதுதான் அவர் அடுத்த ஆறு வாரத்துக்குப் பேசிய கடைசி வார்த்தை. கருங்கல் பீடம் தாடையில் இறங்கியது. ‘வாழ்நாள் சாதனையாளர்’ என்று பொறித்த பித்தளைத் தகடு தனியே பிய்ந்து வந்து அவர் உதட்டில் குத்தி நின்றது. கௌதம்ராஜ் இரண்டாவது முறை ஓங்குவதற்குள் வேனில் வந்தவர்களில் ஒருவர் நாற்காலிக் காலால் அவர் உச்சந்தலையைப் பிளந்தார். மேடையிலிருந்து விழுந்ததில் முழங்கையும் போனது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஜெயசித்ரா மேசைக்கு அடியில் இருந்தார். தண்ணீர் பாட்டிலும் ஆய்வேடும் அவரோடு இருந்தன. செய்ய வேறு வேலை இல்லாததால் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார். ‘தெளிவு’ என்பதை வாசித்தார். மறுபடி வாசித்தார். பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்து அங்கே தங்கிவிட்டார். ஒரு சந்தேகம் கேட்கலாம் என்று தலையை வெளியே நீட்டியபோது பறந்து வந்த நாற்காலி நெற்றியில் பட்டது.

போலீஸ் வந்து லத்தியால் எல்லோரையும் சமமாக நடத்தியது. தரையில் கிடந்த ஏழு சீட்டுகளையும் இன்ஸ்பெக்டர் பொறுக்கி எடுத்தார். எண் போட்டு, ஆளுக்கு ஒன்றாக, யாருக்கும் புரியாத மொழியில் எழுதியிருந்ததால், முன்கூட்டியே போட்ட சதித் திட்டம் என்று மகஜரில் எழுதிக்கொண்டார். முற்றிலும் தப்பு என்று சொல்ல முடியாது.

மூன்று மணிக்கு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அந்தத் துறை முழுவதும் கூடியிருந்தது. சோலைச்சாமிக்குத் தாடை இரண்டு இடத்தில் முறிந்து, தலையைச் சுற்றிக் கட்டு. கண்ணும் மூக்கும்தான் வெளியே. அடுத்த கட்டிலில் கௌதம்ராஜ், உச்சியில் பதினோரு தையல், கை கழுத்திலிருந்து தொங்கும் தூளியில். பிரேம்குமார் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காணாமல் போன பல், வீரணனின் விரல் முட்டியில் புதைந்திருந்தது. அதை எடுத்துத் தைத்து, மற்றக் கையைக் கட்டிலோடு விலங்கு பூட்டி, ஒரு கான்ஸ்டபிளைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். கால்மாட்டில் வெள்ளத்தாய் அத்தை துணைக்கு உட்கார்ந்திருந்தாள்.

நெற்றியில் மூன்று தையலோடு ஜெயசித்ரா உள்ளே வந்தார். “சாயங்காலம் எனக்கு ரயில். தேர்வை இன்னைக்கே முடிச்சு நானும் உன் வழிகாட்டியும் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா திரும்ப அறிவிக்க மூணு மாசம் ஆகும். உனக்கு அவ்வளவு நாள் இல்லைனு கேள்விப்பட்டேன்.”

“பன்னெண்டு நாள்தான் மேடம்,” என்றாள் மாரீஸ்வரி. அவளுடைய கீழுதடு வீங்கியிருந்தது. யார் அடித்தது என்று அவளுக்கே தெரியாது.

“அப்ப அந்தப் பையன் கேட்டதை நான் கேக்கறேன். வெட்டின இடம் பூஜ்யமா இருந்தா?”

சோலைச்சாமி கட்டுக்குள்ளிருந்து உறுமினார். மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ‘தெளிவு’ என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டு, அவள் பக்கம் உயர்த்திக் காட்டினார்.

அவள் அதைப் பார்த்தாள். தெளிவு என்று சொன்னால் இந்த அம்மாள் கையெழுத்துப் போடமாட்டார். தெளிவில்லை என்று சொன்னால் சோலைச்சாமி போடமாட்டார். எட்டு ஆண்டுகளில் முதல்முறையாக, எதைச் சொன்னாலும் ஒன்றுதான் என்ற நிலை. அது ஒரு சௌகரியம்.

“இருந்தா இல்ல மேடம், பூஜ்யம்தான்,” என்றாள். “ஷிஃப்ட்ட எடுங்க. பெஞ்சுல இருக்கிற எல்லாரையும் ஒரு இடம் தள்ளி உக்காரச் சொல்லுத வேலை. அதோட டைலேஷன் எடுத்தா, பெரிய ஸ்பேஸ்ங்கிறது வட்டத்து மேல இருக்கிற எல்லா ஃபங்ஷனும். சார் எடுக்கிற சப்ஸ்பேஸ், பாதி வட்டத்துல மட்டும் உசிரோட இருக்கிற ஃபங்ஷன்கள். ஆனா நம்ம சின்ன ஸ்பேஸ் ஃபங்ஷன் பாதி வட்டத்துல செத்தா முழுசாச் செத்துரும். அப்ப வெட்டினா என்ன மிஞ்சும்?”

“ஒண்ணும் மிஞ்சாது.”

“ஒண்ணும் மிஞ்சாது. ஷிஃப்ட்டுக்கு வேற வழியில நல்ல சப்ஸ்பேஸ் எம்புட்டோ கெடைக்கும். சார் வழியில ஒண்ணு கூட வராது.”

“சரியாச் சொன்னீங்க,” என்று பிரேம்குமார் பஞ்சுக்கு நடுவிலிருந்து சொன்னான்.

“ஏலே, ஒனக்குச் சீட்டு குடுத்தாச்சா?” என்றான் வீரணன். விலங்கு கிணுகிணுத்தது. பிரேம்குமார் பஞ்சை மறுபடி கடித்துக்கொண்டான்.

“அப்ப அஞ்சாம் அத்தியாயம்?” என்றார் ஜெயசித்ரா.

“தப்பு மேடம்.”

“மூணு?”

“அது என்னோடது. சரி.”

மூன்றைப் பற்றி அவர் கால் மணி நேரம் கேட்டார். மாரீஸ்வரி குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள். ஒரு கேள்விக்குத் தெரியாது என்றாள். அந்தத் துறையில் அந்தச் சொல் அதற்கு முன் ஒலித்ததாகத் தகவல் இல்லை. ஜெயசித்ரா படிவத்தில் ‘ஐந்தாம் அத்தியாயத்தை நீக்கிப் பட்டம் வழங்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சோலைச்சாமியின் மடியில் வைத்தார்.

சோலைச்சாமி அதை வாசித்தார். பேனாவை எடுப்பது போல் மேசைக்குக் கையை நீட்டினார். எடுத்தது ஊசி வைக்கும் எஃகுத் தட்டு. இருபத்தாறு ஆண்டுப் பழக்கமுள்ள கை, தாடை போனாலும் குறி தவறவில்லை. தட்டு மாரீஸ்வரியின் காதோரம் உரசி, சுவரில் மோதி, தரையில் சுழன்று ஓய்ந்தது. காதிலிருந்து ரத்தம் இறங்கியது.

வீரணன் தட்டைப் பார்த்தான். தங்கச்சியின் காதைப் பார்த்தான். அங்கிருந்து புருவத்துக்குப் பார்வை ஏறியது.

“பஸ் கம்பின்னு சொன்னியே பாப்பா.”



அவன் எழுந்தான். விலங்கு பூட்டிய கட்டிலும் அவனோடு கிளம்பியது. கான்ஸ்டபிள் பின்காலைப் பிடித்து இழுக்க, கட்டில் கரகரவென்று தரையைக் கீறிக்கொண்டு சோலைச்சாமியை நோக்கி இரண்டு முழம் நகர்ந்தது.

“உக்காருண்ணே,” என்றாள் மாரீஸ்வரி. “கையெழுத்து வாங்காம அவிய கைய ஒடிச்சிராத.”

அவன் உட்கார்ந்தான். ஆனால் கட்டில் வந்த இடத்திலேயே நின்றது. சோலைச்சாமி படிவத்தைச் சுருட்டித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பன்னிரண்டு நாள் அப்படியே படுத்திருந்தால் போதும் என்று அவருக்கும் தெரியும்.

அப்போது கௌதம்ராஜ் தொண்டையைச் செருமினார்.

“இங்க வாம்மா. எதுக்கு இந்த ஆளோட மல்லுக்கட்டுத? வழிகாட்டிய மாத்திக்கிடலாம். பல்கலைக்கழகத்துல எனக்கு ஆள் இருக்கு. எட்டு வருசக் கணக்கும் புதுசா ஆரம்பிக்கும்.”

“மறுபடி எட்டு வருசமா சார்?”

“ரெண்டு மூணுல முடிச்சிரலாம். முதல்ல இந்த ஷிஃப்ட் உதாரணத்தை ஒரு பேப்பராப் போடுவோம். சோலைச்சாமியின் பிழைன்னு தலைப்பு. என் பேரு, பொறவு உன் பேரு.” பிறகு கொஞ்சம் யோசித்து, “உதாரணம் நான் முன்னாடியே யோசிச்சு வச்சிருந்ததுதான். பிரேம்கிட்ட கூடச் சொல்லியிருக்கேன். ஏன்டா?” என்றார்.

பிரேம்குமார் பஞ்சோடு தலையை இல்லை என்று ஆட்டினான்.

மாரீஸ்வரி ஜெயசித்ராவின் கையிலிருந்து ஆய்வேட்டை வாங்கினாள். இருநூற்றுப் பதினான்கு பக்கம், கெட்டி அட்டை, தங்க எழுத்து. அதைத் தலைக்கு மேலே தூக்கி, பதினோரு தையலுக்கு நேராக இறக்கினாள். ஐந்து தையல் அங்கேயே தெறித்தது. கௌதம்ராஜ் தெலுங்கில் கத்தினார். இரண்டாவது அடி தூளியில் இருந்த கையில். மூன்றாவதுக்குப் புத்தகத்தின் முதுகைத் திருப்பிப் பிடித்தாள். மூக்குத்தண்டு நொறுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நர்ஸ் அலறினாள். கான்ஸ்டபிளின் இரண்டு கையும் கட்டிலைப் பிடித்திருந்தன. விட்டால் வீரணன் வருவான்.

சோலைச்சாமி கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருபது ஆண்டாக அவர் மனதில் மட்டும் நடந்துகொண்டிருந்த காட்சி. கட்டுக்குள்ளிருந்து க்ளுக் க்ளுக் என்று ஒரு சத்தம் வந்தது. வலிக்கிறதாக்கும் என்று நர்ஸ் ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தலையணைக்கு அடியிலிருந்து படிவத்தை எடுத்து, மடிப்பு நீவி, பேனாவுக்குக் கை நீட்டினார். ஜெயசித்ரா கொடுத்தார். ஐந்தாம் அத்தியாயத்தை நீக்கலாம் என்ற வரிக்குக் கீழேயே, முழுப் பெயரும் மூன்று பட்டங்களுமாகக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

ஜெயசித்ரா மணி பார்த்தார். “தேர்வு முடிஞ்சுது. வாழ்த்துகள், டாக்டர் மாரீஸ்வரி,” என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனார்.

சோலைச்சாமி படிவத்தை மாரீஸ்வரியிடம் நீட்டி, கௌதம்ராஜ் பக்கம் கண்ணைக் காட்டி, ஒரு விரலை உயர்த்தினார். இன்னும் ஒன்று.

மாரீஸ்வரி படிவத்தை வாங்கி, இரண்டு கையெழுத்தையும் தேதியையும் சரிபார்த்தாள். மடித்து வெள்ளத்தாய் அத்தையிடம் கொடுத்து, வெளியே போய் வேனில் உட்காரச் சொன்னாள். அத்தை வாசலைத் தாண்டும்வரை காத்திருந்தாள். பிறகு ஆய்வேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கௌதம்ராஜைக் கடந்து, சோலைச்சாமியின் கட்டிலுக்கு நடந்தாள்.

அவருடைய விரல் இன்னும் உயர்ந்தே இருந்தது. முதலில் அதிலிருந்து ஆரம்பித்தாள்.